பெயரில்லாத தாள்

பெப்ரவரி மாதத்தில் நாங்கள் தக்காளிக்குக் காசு ஒத்துக்கொள்கிறோம். தக்காளி அப்போது எங்கும் இல்லை. அதன் விதைகூடத் தோட்டக்காரப் பெடியனின் மேசையில் தகரப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

யேர்மனியில் மியூன்ஸ்டர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிற இந்த மரக்கறித் தோட்டம் எங்களுடையது, அதாவது அங்கத்தவர்கள் எல்லாருக்கும் பொதுவானது. செயற்கை உரமும் பூச்சிமருந்தும் கிடையாது. முதலாளி இல்லை, சந்தையில் விற்பதும் இல்லை. வருடம் முழுக்கத் தோட்டத்தை நடத்த என்ன செலவு என்று முதலில் கணக்குப் பார்த்து, அந்தச் செலவை எங்களுக்குள் பொறுப்பேற்கிறோம். விளைந்ததைச் சமமாகப் பிரித்து எடுக்கிறோம். ஆலங்கட்டி மழை அடித்தால் எல்லாருடைய கூடையிலும்தான் அடிக்கும். ஜெனீவாவில் 1978 முதலே இப்படியொரு கூட்டுறவுத் தோட்டம் இருக்கிறது. யேர்மனியில் ஹம்பேர்க் நகரத்துக்குக் கிட்ட உள்ள புஷ்பெர்க்ஹோஃப் பண்ணை 1988இல் தொடங்கிவைத்தது. நான் சேர்ந்தது தத்துவம் பார்த்து அல்ல. முதியோர் இல்லச் சமையலறையில் வருடக்கணக்காகப் பைக்கற்றில் வெட்டிவந்த கரட்டைக் கொட்டிக் கொட்டி அலுத்துப்போய்ச் சேர்ந்தேன்.

நவம்பர் பிறந்தால் இங்கே பகல் பத்து மணித்தியாலத்துக்குள் சுருங்கிவிடும். பெப்ரவரி நடுப்பகுதிவரை அப்படித்தான். செடி சாவதில்லை, வளர்வதும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துத் தோட்டக்காரர் எலியட் கோல்மன் இந்த நாட்களுக்குப் பெர்செபொனியின் பெயரை வைத்தார். பாதாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்ட கிரேக்கப் பெண் தெய்வம் அவள். அவள் கீழே இருக்கும்வரை மேலே ஒன்றும் முளைக்காதாம்.

ஓய்வெல்லாம் நிலத்துக்குத்தான். மனிதருக்கு அப்போதுதான் கணக்கு வேலை. கோவா நின்ற பாத்தியில் நாலைந்து வருடத்துக்குத் திரும்பக் கோவா வைக்கக்கூடாது, வைத்தால் வேர் வீங்கி முடிச்சு விழும் நோய் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்த வருடம் எந்தப் பாத்தியில் என்ன நின்றது என்று நிறம் நிறமாய்க் கீறிய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். களஞ்சிய அறையில் கரட்டையும் பீற்றூட்டையும் தடவித் தடவி அழுகினதைப் பிரிக்க வேண்டும். மிஞ்சின விதையைச் சோதிக்க வேண்டும். ஈரக் கடதாசியில் லீக்ஸ் விதையைப் பத்துப் பத்தாக வரிசையாய் வைத்துச் சுருட்டி, கணப்புக்குப் பக்கத்தில் விட்டு, கிழமை கழித்து விரித்துப் பார்ப்போம். முளைத்ததெல்லாம் வெள்ளை நூல் மாதிரி வளைந்து கிடக்கும், முளைக்காதது கறுப்பாய் அப்படியே இருக்கும். எண்ணி எழுதிவிட்டு முளைத்ததையும் சேர்த்து உரக்குவியலில் கொட்டிவிடுவோம். அது எனக்கு இன்னும் மனம் கேளாத வேலை.

இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு தேவாலய மண்டபத்தில் கூடுகிறோம். உருளைக்கிழங்கு சூப் இருக்கும். தோட்டக்காரர் வருடச் செலவைத் திரையில் காட்டுவார். பெரும்பகுதி சம்பளம், பிறகு நிலக் குத்தகை, விதை, நாற்று, உழவு இயந்திரத்தின் திருத்தம். மொத்தத்தைப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு மாதம் இவ்வளவு என்று சராசரி வரும். பிறகு எல்லாருக்கும் ஒவ்வொரு தாள். சராசரியைப் பார்த்து, தன்னால் இயன்றதை ஒவ்வொருவரும் எழுதி மடித்துப் பெட்டிக்குள் போடுவார்கள். கூடவும் எழுதலாம், குறையவும் எழுதலாம். யார் எவ்வளவு எழுதினார் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. காசை வரவு வைக்கிற கணக்காளர் மட்டும் பிறகு அறிவார், அவர் வாய் திறக்கக்கூடாது. கூட்டிப் பார்ப்பார்கள். செலவுக்குக் காணாவிட்டால் இரண்டாம் சுற்று. இந்த முறையும் முதல் சுற்றில் காணவில்லை.

என்னைக் குடைவது அந்தத் தாள்தான். கொடுப்பதென்றால் பெயரோடு கொடுப்பது என்று வளர்ந்தவள் நான். ஊர்க் கோயிலில் ஐந்தாம் திருவிழா இன்னார் உபயம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது ஐயா சால்வையைச் சரிசெய்வார். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் இன்றைக்கும் பெயர், நட்சத்திரம் சொல்லித்தான் அர்ச்சனை செய்விக்கிறேன். எல்லாம் அறிந்த அம்மாளுக்கு என் நட்சத்திரத்தை ஏன் அறிவிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். அறிவிக்க அல்ல, இது என் கணக்கில் விழவேண்டும் என்பதற்காக. வினைப்பயன் என்பதே ஆளாளுக்குத் தனிக் கணக்கு. அப்படியானால் மண்டபத்தில் சராசரிக்கு மேலே எழுதின காசு யாருடைய கணக்கு? இன்னாருக்குக் கொடுத்தேன் என்று நானும் சொல்ல முடியாது, இன்னாரிடம் வாங்கினேன் என்று அவரும் சொல்ல முடியாது.

பலனை எதிர்பாராமல் செய், கீதை சொல்லிவிட்டதே என்பார்கள். இந்த இடத்தில் அது எனக்கு உதவவில்லை. நாங்கள் பலனை நன்றாகவே எதிர்பார்க்கிறோம், வியாழக்கிழமை பங்கு எடுக்கக் கூடையோடு போய் நிற்கிறோம். வள்ளுவர் கிட்ட வருகிறார். ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அதற்கு முந்திய அதிகாரத்தை ஒப்புரவுக்குக் கொடுத்திருக்கிறார். ஈகையில் இல்லாதவன் ஒருவன் எதிரே நிற்கிறான். ஒப்புரவில் ஊர்க்குளமும் ஊர் நடுவே பழுத்த மரமும்தான் நிற்கின்றன, தண்ணீர் அள்ளுகிறவன் யாரென்று குளம் கேட்பதில்லை. குளம் கேட்காதுதான், ஆனால் மனிதன் கேட்பான்.

கேட்டார்கள். போன கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் எழும்பினார், பள்ளி ஆசிரியர், நியாயமான மனிதர். எல்லாரும் சம்பளச் சீட்டைக் காட்டுவோம், வருமானத்தில் இத்தனை வீதம் என்று வைத்தால் ஏய்ப்பு இராது என்றார். நல்ல சம்பளக்காரர் குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்? இது வெறும் சந்தேகமும் அல்ல, அப்படி எழுதுகிறவர் இருக்கவே செய்வார்.

அவருக்குச் சொல்லும் பதிலாக எனக்கு நினைவு வந்தது எங்கள் கிணறு. யாழ்ப்பாணத்தில் காணி உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் எழுதுவார்கள், வழி வாய்க்காலும் எழுதுவார்கள். சீதனத்தில் காணி துண்டுபடத் துண்டுபடக் கிணறும் துண்டுபடும். எங்களுக்கு எட்டில் ஒன்று. இறைப்பு முறை யாருக்கு என்று ஐயாவும் சித்தப்பாவும் சண்டை பிடித்து, அந்த எட்டில் ஒன்றுக்காக ஒரு சாவீட்டில்கூட முகம் பாராமல் நின்றார்கள். எழுத்து வந்தால் அன்பு போய்விடும் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஐயா இறந்தபின் அம்மாவுக்குத் தண்ணீர் கிடைத்தது அன்பினால் அல்ல. உறுதியில் எழுதியிருந்ததால் கிடைத்தது.

ஆக, எழுத்து வேண்டும். எந்தப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி. எங்கள் தோட்டத்தில் எடுக்கிற பக்கம் எழுதியிருக்கிறது: ஒரு பங்குக்கு இத்தனை கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கோவா, ஒரு கட்டு லீக்ஸ் என்று கரும்பலகையில். குறைவாகக் கட்டுகிறவரின் கோவா சின்னதாய் இராது. கொடுக்கிற பக்கத்தைத்தான் மடித்துப் பெட்டிக்குள் போடுகிறோம். கிணற்றில் இரண்டு பக்கமும் ஒன்றாய்க் கட்டுண்டு கிடந்தது, சீதனமாய் வந்த அளவுக்கே தண்ணீர். அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் இந்தத் தாளின் வேலை என்று நினைக்கிறேன். சம்பளச் சீட்டைக் காட்டினால் ஏய்ப்பு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை இழந்தவர் அதை ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு நிரூபிக்க வேண்டிவரும். ஒரு சில ஏய்ப்புக்காரரைச் சுமப்பது அதைவிட மலிவு. நான் எதிராகக் கை உயர்த்தினேன். பெரும்பான்மையும் அப்படியே.

கன்னியர் மடப் பாடசாலையில் படித்த விவிலியத் திராட்சைத் தோட்டக் கதையில் வேறொரு துணிச்சல் இருக்கிறது. விடியலில் வந்தவனுக்கும் மாலை சாய வந்தவனுக்கும் ஒரே கூலி. அதைவிட, கடைசியாய் வந்தவனுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார் எசமான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க. மறைத்துக் கொடுத்திருந்தால் முறுமுறுப்பே வந்திராது. ஒருவருக்கு மற்றவரின் நல்வாழ்வு கண்ணில் குத்தாத அளவுக்கு மனம் மாறவேண்டும் என்று அவர் கேட்கிறார். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. பொறாமைக்குத் தீனி போடாமல் தாளை மடித்துவிடுகிறோம், அவ்வளவுதான். இது தாழ்ந்த வழி. ஆனால் எசமான் இல்லாத தோட்டத்தில், அயலவர்கள் அயலவர்களாகவே இருந்து நடத்தக்கூடிய வழி.

இந்த முறை இரண்டாம் சுற்றில் செலவுக்குக் கண்டது. யார் கூட்டி எழுதினார்கள் என்று தெரியாது, எல்லாரும் கை தட்டினோம், அதில் தங்களுக்கே கை தட்டியவர்களும் இருந்திருப்பார்கள்.  

இதுவரை நான் சராசரிக்கு மேலேதான் எழுதி வந்திருக்கிறேன். அதனால் மேலே சொன்ன நியாயமெல்லாம் எனக்குச் சுலபம். அடுத்த வருடம் ஓய்வூதியம். பிந்தி வந்து, குறைந்த சம்பளத்தில் வேலை செய்தவளுக்கு இங்கே என்ன ஓய்வூதியம் வரும் என்று கடிதம் ஏற்கனவே வந்துவிட்டது. என் தாளில் எண் இறங்கும். காசில் குறைப்பதை உடம்பால் ஈடுசெய்வோமா, அறுவடை நாட்களில் கூடுதலாய்ப் போய் நிற்போமா என்று மனம் இப்போதே கேட்கிறது. போகமாட்டேன். அப்படிப் போனால் ஆசிரியருக்கு எதிராக நான் கை உயர்த்தியது பொய். முழங்காலும் வலிக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.