சிக்குமுடி

சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் ஆள் நடமாட்டம். பொழிச்சலூரை வட திருநள்ளாறு என்பார்கள். சனி பகவானுக்கு மந்தன் என்றும் ஒரு பேர் உண்டு, மெல்ல நடக்கிறவன். குளியலறையில் தண்ணீர் போகாமல் அடைத்திருந்த முடியை விரலில் சுற்றி எடுக்கும்போது அவன் நினைவு வந்தது.

*

எங்கள் பக்கம் முடி கொட்டினால் முதல் பழி போர் தண்ணீருக்குத்தான். "உப்புத் தண்ணிம்மா, வேற என்ன." மருமகளாக வந்தவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், பாதியில் ஒடிக்கும். ஆனால் என் விரலில் சுற்றியிருந்த முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ். அது ஒடிந்த முடியல்ல, ஓய்வுக்காலம் முடிந்து வேரோடு கழன்றது.

*

தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில். நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்புதான். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம் என்று உடம்புக்குப் பெரிய அடி ஒன்று விழுந்தால், வளர்கிற முடியில் ஒரு பங்கு மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கே உதிராது. இரண்டு மூன்று மாதம் பொறுத்திருந்து உதிரும். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலுக்குத் தை மாதத்தில் சீப்பு நிறைகிறது. அதற்குள் காய்ச்சலை மறந்துவிட்டோம். கண்ணெதிரே இருப்பது தண்ணீர்தான்.

*

2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புல்தாணா மாவட்டத்தில், ஷேகாவ் பக்கத்துக் கிராமங்களில், ஆண் பெண் குழந்தை என்று பாராமல் சில நாட்களுக்குள் தலை வழுக்கையானது. இழுத்தால் கையோடு வந்தது. அங்கேயும் முதலில் சந்தேகப்பட்டது தண்ணீரைத்தான். பிறகு, தேள்கடி சிகிச்சையால் பேர் பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் சாப்பாட்டைப் பார்த்தார். ரேஷன் கோதுமையில் செலினியம் அளவு மீறி இருக்கிறது என்றார். செலினியம் உடம்புக்குத் துளியளவு வேண்டிய சத்து. மிஞ்சினால் முடியையும் நகத்தையும் பிடிக்கும்.

தாலியம் இதைவிடக் கொடியது. எலி விஷமாக இருந்தது. அதற்கும் முன்னால், குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்கு முடியை உதிர்க்கும் மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். சில குழந்தைகள் பிழைக்கவில்லை.

*

அண்ணிக்கு இந்த மூன்று மாதக் கணக்கெல்லாம் இல்லை. முதல் கீமோ முடிந்து பதினாறாம் நாள் தலையணை முழுக்க முடி. பாட்டிலில் தொங்கிய சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், வேகமாகப் பெருகும் செல்லைத் தேடி அடிப்பது. புற்றுச் செல் எது, முடி வேரின் செல் எது என்று அதற்குத் தெரியாது. ஓய்வுக்கு அனுப்புகிற நிதானமும் கிடையாது. வளர்ந்துகொண்டிருக்கும்போதே வேர் இளைத்து அறுந்துபோகிறது.

"கொட்டுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்தானே?" என்று நர்ஸிடம் கேட்டாள். "கொட்டாதவங்களுக்கும் வேலை செய்யும்மா" என்றார் அவர். அண்ணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. போன முடிக்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்து மழித்துக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களிடம், "திருப்பதிக்குப் போய்ட்டு வந்தோம்" என்றாள். இந்த ஊரில் மொட்டைத் தலைக்கு மரியாதையான ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. அதற்காக ஏழுமலையானுக்கு நன்றி சொல்லவேண்டும்.

*

தலைக்கு அழாதவள் புருவம் போனபோது அழுதாள். புருவத்துக்கு வேண்டுதல் கிடையாதே.

புருவம் உதிர்ந்த முகத்தை இந்த மாவட்டம் ஒரு காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய்க்கென்று பழைய மருத்துவமனை ஒன்று. 1955இல் மத்திய அரசு அதை எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த தோல் வேண்டும். அதனால் புருவத்தின் வெளிக்கோடி போகும், சூடான தலையில் முடி பெரும்பாலும் தங்கிவிடும். புருவத்தைப் பார்த்தே ஆளை ஒதுக்கிய காலம் அது. கூட்டு மருந்து வந்து நாற்பது வருடம் தாண்டியும் அந்தப் பார்வை முழுக்கப் போகவில்லை.

*

எதிர்வீட்டுப் பையனுக்குப் பின்னந்தலையில் ஐந்து ரூபாய் அகலத்தில் வழவழப்பாக ஒரு வட்டம். முதலில் பார்த்தவர் அதே சலூன்காரர். "புழுவெட்டு" என்றார். புழு எதுவும் இல்லை, உடம்பின் காவல் செல்களே முடி வேரை அந்நியன் என்று எண்ணித் தாக்குகின்றன. அவன் பாட்டி சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்க்கிறாள். சிரிக்க வேண்டாம். 2002இல் ஈராக்கில் தோல் மருத்துவர்கள் சிறிய ஆய்வொன்றில் வெங்காயச் சாற்றைத் தடவிப் பார்த்து, பலருக்கு முடி முளைத்ததாக எழுதினார்கள். தானாகவே முளைப்பதும் உண்டு என்பதால் பாட்டியின் வெற்றியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தோல் டாக்டரிடமும் காட்டச் சொன்னேன்.

*

எங்கள் ஊரை ஒட்டிப்போகும் அடையாறு கடலைச் சேரும் பேட்டைக்கும் அதே பேர்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954 ஜூன் 18இல் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது அங்கேதான். தொடக்கத்தில் 12 படுக்கை. ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் நினைவுக்கு வருகிறது.

*

கடைசி கீமோ முடிந்து நாலாவது மாதம். அண்ணி தலையில் இரண்டு விரற்கடை முடி, முன்னே இல்லாத சுருட்டையோடு. மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும். மந்தன் வேகம். வாசலில் உட்கார்ந்து கையால் கோதிக்கொண்டிருந்தாள். மேலே விமானம் இறங்குகிற இரைச்சல் அடங்கியதும் தெருமுனையில் குரல் கேட்டது: சிக்குமுடி இருக்காம்மா, சவுரிமுடி.

சைக்கிளை நிறுத்தி அண்ணியைப் பார்த்தவர் தயங்கினார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வாப்பா" என்றாள்.