எதிராளிக்கு ஒரு மோட்டார்

சண்டை ரோபோ கட்டுகிறவர்களிடையே எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. அடுத்த சுற்றில் உங்களோடு மோதவிருப்பவரின் மோட்டார் எரிந்துபோய், அதே மோட்டார் உங்கள் பெட்டியில் உதிரியாக இருந்தால், எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். அரை மணி நேரத்தில் அதே மோட்டார் உங்கள் ரோபோவைப் பிளக்கலாம். கொடுக்காவிட்டால் களத்தில் இறங்காமலேயே வெற்றி உங்களுக்கு. கொடு என்று விதி எதுவும் இல்லை. இருந்தும் கொடுக்கிறார்கள். ஏன் என்ற கேள்வி சில வருடங்களாக என்னை விடாமல் இருக்கிறது.

நான் கட்டுவது 'எறும்பு எடை' எனப்படும் 1 பவுண்டு வகை. அதாவது 454 கிராம், பேட்டரியும் சேர்த்து. பார்ப்பவர்கள் பொம்மை என்று சிரிப்பார்கள். அதன் முன்னால் செங்குத்தாகச் சுழலும் எஃகுத் தட்டு 110 கிராம், ஆரம் 4 செ.மீ. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 48 ஜூல். ஒரு கிலோ கல்லை 5 மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொள்வதற்குச் சமம். இதைச் சொன்னதும் சிரித்தவர்கள் பாலிகார்பனேட் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள்.

இதுவரை நான்கு வெர்ஷன். முதல் உடம்பு பிஎல்ஏ பிளாஸ்டிக். அச்சடிக்கச் சுலபம், அடி விழுந்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். இரண்டாவது டிபியு, செருப்பின் அடிப்பாகம் போல வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். மூன்றாவதில் தட்டின் இரண்டு பற்களை ஒன்றாக்கினேன், எதிர்ப்பக்கம் சமன் எடை வைத்து. வேகமாகச் சுற்றினால் நன்றாக வெட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். விஷயம் நேர்மாறு. ஒரு பல் கடந்து அடுத்த பல் வருவதற்குள் ரோபோ எவ்வளவு முன்னேறுகிறதோ அவ்வளவுதான் பல்லால் கவ்வ முடியும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 10,000 சுற்றில் இரட்டைப் பல்லுக்குக் கிடைப்பது 6 மில்லிமீட்டர், ஒற்றைப் பல்லுக்கு 12. சுற்று கூடக்கூடத் தட்டு கவ்வாமல் உரசி நழுவும். நான்காவதில் முன்னால் தரையோடு தரையாக உரசிப்போகும் எஃகு முட்கள். யார் யாருக்கு அடியில் நுழைகிறார்கள் என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

இந்த இயற்பியல் எல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் அடுத்து எதை மாற்றவேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுத்தது யாரோ ஒருவரின் அடிதான். 454 கிராமுக்குள் முன்னால் 6 கிராம் கூட்டினால் பின்னால் 6 கிராம் குறையும். எங்கிருந்து எடுத்தேன் என்பதை எதிராளியின் ஆயுதம் முதல் நிமிடத்திலேயே தேடிக் கண்டுபிடித்துவிடும். (பகலில் நான் எழுதும் மென்பொருளுக்கு எடை வரம்பு கிடையாது. அதனால்தானோ என்னவோ, எந்த வெர்ஷனிலும் யாரும் எதையும் எடுப்பதில்லை, சேர்க்க மட்டும் செய்கிறோம்.)

எதிராளியே மிஞ்சாத அளவுக்கு ஒரு ரோபோவை மேம்படுத்தினால் என்ன ஆகும்? அது நடந்திருக்கிறது. 1995ல் சான் பிரான்சிஸ்கோவின் ரோபோ வார்ஸ் போட்டிக்கு ஜேமி ஹைன்மன் பிளெண்டோ என்ற ரோபோவைக் கொண்டுவந்தார். பிற்பாடு மித்பஸ்டர்ஸ் நிகழ்ச்சியில் வந்தாரே, அவர்தான். புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினால் மேலோடு முழுவதும் சுழலும். எதிராளிகளின் துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. ஆபத்து என்று நிறுத்தி, இணை வெற்றியாளர் பட்டம் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஒரு துக்கச்செய்தி போலத்தான் தொனிக்கிறது.

தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ் 1978ல் வெளியிட்ட 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில் விளையாட்டை வரையறுக்க முயன்றார். சுலபமான வழி இருக்கும்போதே அதை வேண்டாமென்று ஒதுக்குவதுதான் அவர் பார்வையில் விளையாட்டின் அடிப்படை. உதிரி மோட்டாரை இதைவைத்துப் புரிந்துகொள்ளலாம். எதிராளி இல்லாத வெற்றி சுலபமான வழி, அதை ஒதுக்குகிறோம்.

என் நண்பன் ஒத்துக்கொள்ளமாட்டான். "தத்துவம் எல்லாம் இல்லடா, கணக்குதான். இன்னிக்கு நீ குடு, நாளைக்கு அவன் குடுப்பான்." இருக்கலாம். ஆனால் முதல்முறை வந்து, இனி வருவார்களா என்றே தெரியாதவர்களுக்கும் கொடுக்கிறார்களே.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவி வந்து, "அண்ணா, உங்ககிட்ட 2207 மோட்டார் இருக்கா?" என்றாள். அடுத்து என்னோடுதான் சண்டை. கொடுத்தேன். ஜெயித்தது நான். சிக்கல் அதற்குப் பிறகுதான். அவள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒவ்வொரு தடவையும் எப்படிண்ணா எனக்குக் கீழ பூந்தீங்க?"

மோட்டார் கொடுப்பது அவளை ஏற்கனவே இருந்த நிலைக்கு மீட்பது. இது வேறு. பதில் சொன்னால் அவள் முன்பு இல்லாத பலத்தைப் பெறுவாள். சூட்ஸின் வரையறை இங்கே உதவாது. சொல்லாவிட்டாலும் ஆட்டம் ஒழுங்காகவே நடக்கும். நல்ல எதிராளி இருந்தால்தான் நானும் வளர்வேன் என்று சமாதானம் சொல்லலாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் அவள் என்னைச் சோதிக்கும் கருவி, அவ்வளவுதானே. கருவியை என்னை விஞ்சாத அளவுக்கு மட்டும் கூர்தீட்டினால் போதும். சேவற்கட்டில் கத்தி கட்டுகிறவன் ஒருவன், சாவது சேவல். இங்கே உடைவது எங்கள் இருவரின் தூக்கமில்லாத இரவுகள் மட்டுமே. இவ்வளவு மலிவான தோல்வியைத் தவிர்க்க இன்னொருவர் அறியாமல் இருக்கவேண்டும் என்று நான் விரும்பினால், பெரிய விஷயங்களில் என்னவெல்லாம் விரும்புவேனோ.

முட்கள் அச்சில் தளர்வாகத் தொங்கவேண்டும், அப்போதுதான் தரை எப்படியிருந்தாலும் நுனி தொட்டுக்கொண்டே போகும் என்று அங்கேயே சொன்னேன். அவள் ரோபோவில் அவை இறுக்கமாகத் திருகப்பட்டிருந்தன. நோட்டில் படம் வரைந்துகொண்டாள்.

ஐந்தாவது வெர்ஷனில் முட்களை டைட்டானியத்தில் செய்கிறேன். எஃகில் 12 கிராம் இருந்தவை ஏறக்குறைய 7 கிராம் ஆகும். மிச்சமாகும் 5 கிராமைத் தட்டுக்குப் போடுவதா, பின்பக்கச் சுவருக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. வரைபடத்தை நேற்று அவளுக்கு அனுப்பினேன். "பின்னாடி போடுங்கண்ணா, அங்கதான் நான் அடிக்கப்போறேன்" என்று பதில் வந்திருக்கிறது.