கையெழுத்தும் கர்த்தாவும்

ஒருவருடைய வாக்குக்கு ஸாக்ஷியாகப் பத்திரத்திலும் வங்கியிலும் நிற்பது அவர் கையெழுத்து. வியாதியினால் அது அழியுமாகில், அதற்கு உடையவரும் உடன் அழிந்தாராவாரோ? இது விசாரிக்கத்தக்கது.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் நடுக்குவாதத்தைப் பற்றி 1817-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலில், அந்நோயாளிகளுக்கு எழுதுவது அரிதாகிவிடுவதைக் குறித்துள்ளார். மூளையில் 'டோபமின்' என்னும் ரஸத்தை உண்டாக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல நசிப்பதே காரணம் எனப் பிற்காலத்தார் கண்டனர். வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாயிருக்கும் எழுத்து, போகப் போகச் சிறுத்து எறும்பு வரிசைபோல் ஆகிவிடும். ஆயினும், கோடிட்ட தாளைக் கொடுத்து, 'பெரிதாக எழுதுங்கள்' என்று நினைவூட்டினால், பலருக்கு எழுத்து மீண்டும் பெரிதாகிறது. ஆகவே, கற்ற வித்தை உள்ளே இருக்கிறது. அது வெளிப்படும் வழியே குறுகிற்று என்பது தேறும்.

இதற்கு மாறானதும் உண்டு. 1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், டாக்டர் அல்ஸைமர் அகஸ்டே டீட்டர் என்னும் 51 வயது மாதைத் தம் பெயரை எழுதச் சொன்னார். முதற்சொல்லை எழுதியதும் மற்றவை மறந்தன. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கே நழுவியது நினைவு.

முன்னவர்க்குக் கருவி பழுது. பின்னவர்க்கோ கருவியை ஏவும் நினைவே பழுது. எனவே எழுத்தைக் கொண்டு மட்டும் மனத்தை அளத்தல் தகாது. ஒப்பம் மாறியது கண்டு, தெளிந்த அறிவுள்ள பெரியவரை 'இனி இவரைக் கேட்பானேன்' என்று ஒதுக்குவது அநியாயம். அறிவு மங்கியவரின் விரலைப் பிடித்து ஒப்பமிடுவிப்பது அதனினும் கொடிது. அங்கே எழுத்து உண்டு, ஸம்மதம் இல்லை.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இதனை ஒட்டியதே. உயில் எழுதுபவர் கையொப்பமோ அடையாளக் குறியோ இடலாம்; அவர் முன்னிலையில், அவர் சொற்படி, பிறரொருவரும் ஒப்பமிடலாம்; ஸாக்ஷிகள் இருவர் வேண்டும். சட்டம் தேடுவது எழுத்தின் அழகையன்று, ஸங்கல்பத்தை.

நடுக்குவாதத்திலும் சிலருக்குப் பிற்காலத்தில் நினைவு குன்றுவதுண்டு. ஆதலின் கை தளர்ந்த நாளிலேயே பெரியோரின் விருப்பத்தைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு வரி எழுத ஒரு நாழிகை ஆயினும் பொறுத்திருத்தல் வேண்டும். நினைவும் நழுவியபின், அவ்விருப்பத்தை மாறாது காப்பதே நம் கடன். அவரால் இனி எழுத இயலாத வாக்கு, அப்பொழுது நம் நடத்தையில் நிலைபெறும்.