கொடுக்கும் விவேகம்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க தேசத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே, பனிக்காலத்தின் கொடுமையால் வெளியே சென்று விளையாட வகையின்றிக் கட்டடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த வாலிபர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் புதிய ஆட்டம் ஒன்றை வகுத்தபோது, அதற்கென்று அவர் எழுதிய பதின்மூன்று விதிகளுள் ஒன்று, பந்தைக் கையில் வைத்திருப்பவன் அதனோடு ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிந்துவிட வேண்டும் என்று விதித்தது. ஓடுகிறவனைத்தானே மறித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஓடாதவனைத் தள்ளுவானேன் என்பது அவருடைய யுக்தி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே முன்னேறும் வித்தை பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. எனவே, கூடைப்பந்து என்று நாம் இன்று அழைக்கும் ஆட்டம், தன் ஜனனத்திலே, ஒருவன் தன் கைக்கு வந்ததை இன்னொருவனுக்குக் கொடுத்தாலன்றி ஓர் அடியும் முன்னேற முடியாத ஆட்டமாக இருந்தது. மனிதனுடைய வாழ்க்கையும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே என்ற எண்ணம் நெடுநாளாக என் மனத்தில் இருந்து வருகிறது; ஆனால், கொடுத்தல் என்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதை அண்மையில்தான் கண்ணெதிரே கண்டேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் கற்றுத் தேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையிலே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தோற்றுவித்தார்; நந்தனத்துச் சோலைக்குள் இன்றும் அது கல்லூரியாக நடந்து வருகிறது. லயோலாக் கல்லூரியின் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கும், பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்று 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையின் ஆட்டத்தைக் கண்டவர்களுக்கும், இந்த ஆட்டம் நம் மண்ணில் எவ்வளவு ஆழமாக வேர் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தோணிரேவு பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள சிற்றூர். இங்கிருந்து சென்னைக்குச் சென்று படிக்கும் பிள்ளைகளில் ஒருவன், என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன், தன் கல்லூரி அணியிலே பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டாக ஆடுகிறான். உயரம் என்று சொல்லத்தக்க உயரம் அவனுக்கு இல்லை. கூடைக்கடியில் நின்று எம்பிப் போடுகிற பலமும் இல்லை. அவனுடைய ஆட்டம் ஒன்றைப் பார்க்க ஒரு மாலையில் நான் போயிருந்தேன். பந்து இடக்கையில் தட்டுப்பட்டுக்கொண்டிருக்க, எதிரணிக்காரன் ஒருவன் மார்போடு மார்பாக வந்து மறித்து நிற்க, எங்கள் பிள்ளையின் பார்வை மட்டும் கூடைக்கடியில் நின்ற நெட்டையனிடத்தே சென்று நிலைத்தது. அந்தப் பார்வையை நம்பி மறித்தவன் தன் உடலின் பாரத்தை அந்தப் பக்கம் சாய்த்த கணத்தில், பந்து, ஒருவருமே இல்லாத வலது மூலையை நோக்கித் தரையோடு சென்றது. வீணாயிற்று என்று நான் எண்ணி முடிப்பதற்குள், எங்கிருந்தோ ஓடிவந்த தோழன் ஒருவன் அவ்விடத்தை அடைந்தான். ஒரு முறை தரையில் பட்டு எழுந்த பந்து, அவன் குனியவும் வேண்டாமல், கையை நீட்டவும் வேண்டாமல், இடுப்பளவில் வந்து அவனுடைய இரு கைகளுக்குள்ளும் அமர்ந்தது. அரை அடி பின்னால் வந்திருந்தால் அவன் உடலைத் திருப்பி எட்டிப் பிடிக்க நேர்ந்திருக்கும். அதற்குள் எதிரி வந்து மறித்திருப்பான். அப்படி ஒன்றும் நேராமல், பிடித்த வேகத்திலேயே எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

ஆட்டம் முடிந்தபின், ஆள் இல்லாத இடத்தில் எந்தத் துணிவில் எறிந்தாய் என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அவன் அங்க வருவான்னு தெரியும் மாமா. வந்தப்புறம் பாத்துக் குடுத்தா லேட்டாயிடும்" என்றான்.

பாத்திரமறிந்து பிச்சையிட வேண்டும் என்று பெரியோர் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரத்தை அறிவதோடு காலத்தையும் அறிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை ஒரு வாக்கியத்தில் எனக்குச் சொல்லிவிட்டான். வாங்குகிறவன் இப்போது நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பது சாதாரணர்களின் சுபாவம். அடுத்த கணத்தில் அவன் எங்கே இருப்பான், எந்த உயரத்தில் கையை வைத்திருப்பான், வாங்கியதைக் கொண்டு என்ன செய்ய வல்லவன் என்பதையெல்லாம் தன் அனுபவத்தால் முன்கூட்டி அறிந்து கொடுப்பதே விவேகமுள்ள கொடை. அதற்குக் கருணை மாத்திரம் போதாது; தோழனைப் பல நாள் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

இதே ஆட்டத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. முடிவு நெருங்குகையில், இரண்டே புள்ளி வித்தியாசம் இருந்தபோது, கூடைக்கு நேரே யாரும் மறிக்காத நிலையில் அந்தப் பிள்ளைக்கே வழி திறந்திருந்தது. அவன் எறியவில்லை; மூவர் சூழ நின்ற நெட்டையனுக்குப் பந்தைக் கொடுத்தான்; அது பறிபோயிற்று. என் அருகில் இருந்த ஒருவர், "சுயநலமில்லாத பையன்" என்று மெச்சினார். பயிற்சியாளரோ, "நீயே போட்டிருக்கணும்டா!" என்று கத்தினார். பயிற்சியாளர் பக்கமே நியாயம் இருந்ததென்பது என் அபிப்பிராயம். தவறினால் பழி நம்மீது வருமே என்ற பயம், தியாகத்தின் வேஷத்தைப் பூண்டு வருவதை உலக வாழ்க்கையிலே நாம் எத்தனையோ இடங்களில் பார்க்கிறோம். பேராசையால் பிடித்து வைத்திருப்பவனை எளிதில் கண்டுகொள்கிறோம்; பொறுப்பைக் கைகழுவுவதற்காகக் கொடுக்கிறவனை உத்தமன் என்று கொண்டாடிவிடுகிறோம். பின்னவனால் விளையும் தீங்கு சில சமயங்களில் முன்னவனால் விளைவதை விடப் பெரிது.

ஆட்டத்தின் விதிகளும் இவ்விஷயத்தில் கண்டிப்பானவை. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். நெருங்கி மறிக்கப்பட்டவன் 5 விநாடிக்குள் கொடுக்கவோ, தட்டவோ, எறியவோ வேண்டும். தீர யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு அங்கே அவகாசம் கிடையாது.

அப்படி நொடிப்பொழுதில் செய்யும் நிர்ணயம் ஒன்று எவ்வளவு உயர்த்தும், எவ்வளவு தாழ்த்தும் என்பதற்கு, 1982-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தைப்போல் வேறோர் உதாரணம் காண்பது அரிது. வட கரோலைனாவும் ஜார்ஜ்டவுனும் மோதின; கடைசி நிமிஷத்தில் ஜார்ஜ்டவுன் 62-61 என்று முன்னணியில் இருந்தது. வட கரோலைனாவின் ஜிம்மி பிளாக், எதிரிகளின் கவனமெல்லாம் கூடைக்கடியில் குவிந்திருக்க, பந்தை ஆடுகளத்தின் மறுபக்கத்துக்குக் கடத்தி, இடப்புறத்தில் தனித்து நின்ற முதலாமாண்டு மாணவன் ஒருவனுக்குக் கொடுத்தார். அவன் எறிந்தான், 63-62. அந்த மாணவன் மைக்கேல் ஜோர்டன். அவர் கீர்த்தி அங்கேதான் தொடங்கியது என்று உலகம் சொல்கிறது, கொடுத்தவர் பெயரை அநேகமாக மறந்துவிட்டது. அடுத்த சில விநாடிகளில் ஜார்ஜ்டவுனின் ஃபிரெட் பிரவுன், கடைக்கண்ணில் பட்ட ஓர் உருவத்தைத் தம் தோழன் என்று கருதிப் பந்தைக் கொடுத்தார். வாங்கியவர் எதிரணியின் ஜேம்ஸ் வொர்த்தி. அதோடு ஜார்ஜ்டவுனின் வாய்ப்பும் முடிந்தது. ஒரே நிமிஷத்துக்குள் இரண்டு கொடைகள். ஒன்று தெளிந்த திருஷ்டியால் நிகழ்ந்தது, மற்றது மயங்கிய திருஷ்டியால். ஜார்ஜ்டவுனின் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன், தோற்ற அந்தக் களத்திலேயே பிரவுனை மார்போடு அணைத்துக்கொண்டார். 1984-இல் அதே பல்கலைக்கழகம் பட்டம் வென்றபோது பிரவுனும் அணியில் இருந்தார். கொடுத்துத் தவறியவனை ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் கொடுக்கவே அஞ்சுவார்கள் என்பதை அந்த ஆசான் அறிந்திருந்தார் போலும்.

எப்போது, யாருக்குக் கொடுப்பது என்ற பிரச்சினைக்கு எங்கள் ஏரியில் முன்னோர் வேறொரு தீர்வு கண்டிருக்கிறார்கள். கோட்டைக்குப்பம் முதலிய சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் பாடு முறையில், எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகிறது. கடலுக்குப் போகும் நீரோடு இறால் சேர்ந்து போகிற முகத்துவாரத்தை அடுத்த இடங்கள் வளமானவை. மற்றவை அவ்வளவு வளமில்லாதவை. நேற்று வலை நிறைந்தவனும் நிறையாதவனும் முறை முடிந்ததும் இடத்தை விட்டு விலகியே ஆக வேண்டும். வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட இடத்தில் எப்போது விடுவது, யாருக்கு விடுவது என்ற நிர்ணயத்தைத் தனி மனிதனின் நல்லெண்ணத்துக்கு விட்டால் பூசலே மிஞ்சும் என்று கண்டு, அதை அவன் கையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இது பெரிய அறிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாடு உரிமை பிறப்பையும் சமூகத்தையும் ஒட்டி வருவது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்று அதே ஏரியை நம்பிப் பிழைப்பவர்களின் மனக்குறையும், அதனால் எழுந்த சச்சரவுகளும் இக்கரையில் வாழும் எவருக்கும் புதிய செய்தியல்ல. சிறந்த ஆட்டக்காரன், மற்றவர் கண்ணில் படாமல் மூலையில் நிற்பவனையும் காண்கிறான். சீட்டுக்கு அந்தக் கண் இல்லை. சட்டம் பேராசையைக் கட்டுப்படுத்தும், பார்வையை அளிக்காது.

குடும்பங்களிலோ சீட்டும் இல்லை, விநாடிக் கணக்கும் இல்லை. ஆகவேதான் அங்கே பிழைகள் மலிந்திருக்கின்றன. முப்பது வயதில் மகனுக்கு உதவியிருக்க வேண்டிய பொருள், அவனுக்குத் தலை நரைத்த பிறகு உயில் வழியாக வந்து சேர்கிறது. இது ஒரு வகை. மற்றொரு வகையை எங்கள் கரையில் நான் அதிகம் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, மேலே படிப்பதா, தகப்பனோடு படகில் போவதா என்று திகைத்து நிற்கும்போது, "உன் இஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் போய்விடுகிறான். கேட்பதற்குச் சுதந்திரம் அளிப்பதுபோல் இருக்கிறது. உண்மையில், ஏரியில் மீன் குறைந்து வருவதையும், படிப்புக்கு ஆகும் செலவையும், பிள்ளையின் திறமையையும் ஒருங்கே எடை போட்டுப் பார்க்க வேண்டிய பாரத்தை, அதைத் தாங்க இயலாத கைகளில் அவன் எறிந்துவிடுகிறான். மூவர் சூழ நின்றவனுக்குப் போன பந்துதான் அது. அந்த வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் தன் முடிவையும், அதன் காரணங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிள்ளை மறுத்தால் மறுக்கட்டும். கொடுத்த பிறகும் கொடுத்தவனின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

வாங்குகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. வட கரோலைனாவின் பயிற்சியாளராக 1961 முதல் 1997 வரை இருந்த டீன் ஸ்மித் தம் மாணவர்களிடையே ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்தினார்: கூடையில் போட்டவன், தனக்குப் பந்தைக் கொடுத்தவனை நோக்கி உடனே விரலைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில், இது என்னால் மட்டும் ஆனதன்று என்று ஒருவன் அறிவித்துவிடும் அழகான வழக்கம் அது. நம் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆட்டம் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் புள்ளி எடுத்தவர்களின் பெயரை எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனின் பெயரையும் எழுதுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. கூடுதலாக ஒரு வரிசை எழுத இடம் இருந்தால் போதும்.