எனக்குத் தெரிந்த பையன்

மலேசியாவின் செரண்டாவில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் தம்பி ஒருவன், போன மாதம் ஒரு கிடங்கு வேலைக்குக் கைப்பேசியிலேயே விண்ணப்பித்தான். இரவு பத்தேகாலுக்கு அனுப்பினான். பத்தரைக்குள் 'தேர்வாகவில்லை' என்று பதில். அந்த நேரத்தில் எந்த மனிதர் உட்கார்ந்து படித்திருப்பார்? எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்தபின் மூன்று ஆண்டு வேலை எதுவும் இல்லை என்பதுதான் கணினியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தூக்கி, குளிப்பாட்டி, சுங்கை பூலோ மருத்துவமனைக்கு அலைந்த மூன்று ஆண்டு அது. அதை எழுத விண்ணப்பத்தில் இடமே இல்லை.

"அங்க யாரையாச்சும் தெரியுமாண்ணே?" என்று கேட்டான். தெரியும். ஆனாலும் சட்டென்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளரிடம் நான் சொல்லிச் சேர்த்துவிட்ட ஒருவன், மூன்றாம் வாரமே சொல்லாமல் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு அவரைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கும்.

ஆள் தெரிந்து வேலைக்குப் போவது நமக்குப் பழக்கம்தான். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டத்துக் கங்காணி, ஆள் சேர்க்கும் உரிமத்தோடு தமிழகத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய், பங்காளி, மாமன் மச்சான் என்று ஆள் திரட்டினார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், அங்கிருந்து கப்பல். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த வட்டாரத்தில் நாங்கள் பலரும். "நான் இருக்கேன், வா" என்ற ஒரு சொல்லை நம்பிக் கடல் தாண்டினார்கள். அந்தச் சொல்லுக்கு விலையும் இருந்தது. திரட்டி வந்த ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வரவரக் கங்காணிக்குத் தலைக்காசு. உறவைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்ட கதைகளும் உண்டு. அதனால், மனிதரைவிடக் கணினி நியாயமாக நடக்கும் என்று நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் விண்ணப்பம் குவியும் இடத்தில் அதன் உதவி வேண்டியதுதான்.

ஆனால் அதுவும் நம்மிடம்தான் பாடம் படிக்கிறது. அமேசான் உருவாக்கிப் பார்த்த ஆள்தேர்வுக் கருவி, பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பழகி, பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அந்த நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. பெரியவர்கள் சண்டையில் கங்காணியைப் பேர் சொல்லி ஏசுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஏசுவதற்காவது ஒரு பேர் இருந்தது. பத்தரை மணிக்குப் பதில் அனுப்பியது யாரென்று இந்தத் தம்பி யாரிடம் போய்க் கேட்பான்? கணினி எத்தனை பேரை வேண்டுமானாலும் பிரித்து வைக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு மனிதர் அந்தத் தாளைப் படித்துத் தன் பெயரைப் போட வேண்டும். இதை நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "எனக்குத் தெரிந்த பையன். நான் பொறுப்பு."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?"

"ஆமா. தப்பு என்னுதுதான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வரச் சொல்லுங்க" என்றார்.

முடிவு இன்னும் தெரியவில்லை. தம்பி நேரில் போனபோது, அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவாய் என்று அவர் கேட்டாராம். தம்பி எழுந்து, அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலை மடக்கிக் குனிந்து, இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் தூக்கும் விதத்தைச் செய்து காட்டினானாம்.