விரல் நுனி

காலை. பால்வாடித் தரையில் பாய். நடுவில் முருங்கைக்கீரைக் கட்டு.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடிக்கின்றன. உருவுகின்றன. இலை பாதி முறத்தில், பாதி மடியில்.

எங்கோ சோதனை வெடி. ஒரு தலையும் திரும்பவில்லை. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துப் பிள்ளைகள்.

மணிக்கட்டுக்குள் 8 சிற்றெலும்புகள். பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்பு. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 8 வயது வாக்கில் ஆகிறது. சிலருக்கு இன்னும் தாமதம்.

நிலக்கடலை. ஐந்து வயதுக்காரி ஓட்டின் மூக்கை அழுத்துகிறாள். நழுவுகிறது. மறுபடி. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது.

டப்.

இரண்டு பருப்பு. ஒன்று பக்கத்துப் பையனுக்கு.

முட்டை நாள். ஓடு துணுக்குத் துணுக்காக வருகிறது. உள்தோல் விரலோடு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைக்கருவில் நகத்தடம். இதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

போகட்டும்.

ஆயா சத்துமாவில் தண்ணீர் தெளிக்கிறார். உள்ளங்கைகள் குழிகின்றன. உருண்டை கோணல். கோணலாகவே தட்டில் அமர்கிறது.

1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறு வருகிறார். பயறு பிரிப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் முறையில் பாடம். கரிசல் வீடுகளில் அடுப்படிப் பாட்டி ஒரு பிடி மாவைப் பேத்தி கையில் கொடுத்து உட்கார வைக்கிறாள். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். பென்சிலுக்கு இந்தப் பிடி.

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும் இதே பிடி. அந்தக் காலத்தில் விடியுமுன் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப் போகும். சின்ன விரல்தான் வேகம் என்பார்கள். குச்சி அடுக்கிய கட்டைகளை எண்ணிக் கூலி.

ஆயாவின் வயதுக்காரர்களில் பலர் அந்த வண்டியில் போனவர்கள்.

இங்கே உரித்த கடலையை எவரும் எண்ணவில்லை.

மூச்சில் கடலைத்தோல் வாசம்.

மாலை. பட்டாசு ஆபீஸ் வேன் நிற்கிறது. அம்மாவின் விரலிடுக்கில் அலுமினியப் பொடி. கழுவியும் போகாத வெள்ளி நிறம். மிச்சம் வைத்த உருண்டையை மகன் நீட்டுகிறான். அவள் கையால் வாங்கவில்லை. குனிந்து வாயில் வாங்கிக்கொள்கிறாள்.

மெல்லுகிறாள். வேன் கிளம்புகிறது.

1986-இல் சட்டம். 14 வயது நிறையாதவர்களுக்குத் தீப்பெட்டி, பட்டாசு வேலை கிடையாது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும்.

வருகிற ஜூனில் இந்தப் பால்வாடிப் பிள்ளைகளில் மூன்று பேர் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள்.