இரண்டு மௌனங்கள்

தென்காசியில் ஒரு பழைய தச்சுப் பட்டறையில் மாதம் பணம் கொடுத்து மர இணைப்பு கற்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. முதல் மூன்று வாரமும் உளி தீட்டும் வேலைதான். தீட்டிக் கொடுப்பேன். ஆசாரித் தாத்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் வரல தாயி" என்று திருப்பித் தருவார். ஏன் வரவில்லை என்று சொல்லமாட்டார். எனக்குக் கோபமாக வந்தது. 'சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே' என்பதிலிருந்து வெளியே வரவே எனக்கு இருபது வருடம் ஆகியிருந்தது. மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டேனா?

ஜப்பானில் ஹோரியூஜி கோயிலின் தச்சர் நிஷியோகா சுனேகாசு (1908–1995), தன்னிடம் வந்த ஒகாவா மிட்சுவோவை ஓராண்டு உளி மட்டும் தீட்டச் சொன்னார். தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள் எதுவும் கூடாது. இதைப் பலரும் பக்தியோடு சொல்வார்கள். நமக்கோ உறுத்துகிறது. அவருக்கு ஓராண்டுத் தவமாக இருந்த பொறுமை, நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒகாவாவின் கீழ்ப்படிதலுக்கு முடிவு இருந்தது. 1977இல் அவர் சொந்தமாக ஒரு தச்சர் குழுவைத் தொடங்கினார்.

நான்காவது வாரம் கழுந்து வெட்டினேன். துளையைவிட மயிரிழை தடிப்பு. கொட்டாப்புளியால் அடித்து இறக்கப் பார்த்தேன். துளையின் ஓரம் பிளந்தது. தாத்தா திட்டவில்லை. "மரமே சொல்லிட்டுல்லா" என்றார். அப்போதுதான் அந்த மௌனம் புரிந்தது. தன்னை நம்பச் சொல்லாமல் மரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மரத்துக்கு நான் பெண் என்பது தெரியாது. அது முகத்துக்காகப் புகழாது, அவமானப்படுத்தவும் செய்யாது. அதன் தீர்ப்பை நானே தொட்டுச் சரிபார்க்கலாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. கதவு செய்யும்போது சட்டத்தின் காடிக்குள் பலகையை ஏன் பசை போடாமல், இடம் விட்டு நிறுத்துகிறார்கள் என்று அந்த ஈரத்தில்தான் பார்த்தேன். பலகை உப்பும், இடமில்லாவிட்டால் சட்டத்தையே பிளக்கும்.

தாத்தாவின் மகளுக்கு என் வயது. சின்னதில் இழைத்த சுருள் பொறுக்கியவள். அறுக்கும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்தவள். ஒருநாள் டீ கொண்டுவந்தவள் வாசலில் நின்றபடியே, "அக்கா, தோள் சாயுது பாருங்க" என்றாள். மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.

அவளுடைய அண்ணன்களுக்கு உளி கிடைத்தது. அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சாதியால் வெளியாளான எனக்குப் பணத்தால் கிடைத்தது. அந்தச் சாதிக்குள்ளேயே பிறந்த அவளுக்குக் கிடைக்கவில்லை. 2023இல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத்துக்கு ஒருவர்தான் பயன்பெறலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் யாராக இருப்பார் என்று நமக்குத் தெரியாதா? அது குலத்தொழிலை வலுப்படுத்தும் என்று மறுத்த தமிழக அரசு, 2025இல் சாதி பாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்லது. ஆனால் தொழில் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே வழியில்லாதவள் எந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாள்?

"அவ கண்ணு சரியா இருக்கு தாத்தா" என்றேன்.

"அதுக்கு எல்லாம் தெரியும் தாயி."

"தெரியும்னா ஏன் உளியக் கொடுக்கல?"

அவர் பதில் சொல்லவில்லை. முதல் மூன்று வாரமும் அவர் பேசாமல் இருந்தது என்னைத் தேட வைத்தது. இந்த மௌனம் தேடக்கூடாது என்றது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குருவின் மௌனம், கணவனின் மௌனம், அப்பாவின் மௌனம் எதுவானாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதன் முடிவில் என் கைக்கு உளி வருமா?

நான் தீட்டிய உளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு உளியை எடுத்து, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் வரலக்கா" என்றாள்.